மாற்றுச் சான்றிதழில் ஒரு சொல்லைத் திருத்தக் கோரி

அனுப்புநர்
முன்னாள் மாணவன்,
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு, கடைசி பெஞ்சு, ஜன்னல் ஓரம்,
1992–93.

பெறுநர்
தலைமையாசிரியர் அவர்கள்,
நான் படித்த அரசு உயர்நிலைப் பள்ளி,
சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில்.

பொருள்: டி.சி.யில் 'ஒழுக்கமும் பண்பும்' என்ற இடத்தில் தவறாக எழுதப்பட்ட சொல்லைத் திருத்திக் கேட்பது – தொடர்பாக.

பார்வை: 1993 ஜூன் மாதம் தங்கள் அலுவலகம் எனக்கு வழங்கிய மாற்றுச் சான்றிதழ்.

ஐயா,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. நான் அங்கே படித்தபோது நீங்களே எங்கோ அரை டிராயர் போட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். ஆனாலும் நாற்காலி அதே நாற்காலி என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன். பழைய ஹெச்.எம். இப்போது இல்லை. இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத எனக்குத் தைரியம் வந்திருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விஷயம் இதுதான். என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு எழுதிப்போட இ-சேவை மையத்துக்குப் போனால், அப்பா டி.சி., அம்மா டி.சி. எல்லாம் கொண்டுவாருங்கள் என்றார்கள். வீட்டில் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கி, அடியில் மஞ்சள் பையில் சுருட்டி வைத்திருந்த என் டி.சி.யை எடுத்தேன். மகள் பிடுங்கிப் படித்தாள். பிறந்த தேதி, மச்சம், அங்க அடையாளம் எல்லாம் தாண்டி 'மாணவரின் ஒழுக்கமும் பண்பும்' என்ற வரிக்கு வந்தாள். எதிரே நீல மையில் 'நன்று' என்று எழுதியிருந்தது.

"நிஜமாவாப்பா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த மனு. அந்தச் சொல் தவறு, ஐயா. திருத்த வேண்டும். வெறும் வாயால் சொன்னால் ஆபீசில் ஏற்க மாட்டார்கள் என்று தெரியும். ஆகவே ஆதாரங்களைக் கீழே தருகிறேன்.

ரேங்க் கார்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். எட்டாம் வகுப்பு காலாண்டுத் தேர்வில் கணக்கில் 17 மார்க். சிவப்பு மையில் வட்டம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று தெரியும். அப்பா கையெழுத்தைப் போட்டுப் பழகிப் பார்த்தேன், வரவில்லை. பக்கத்து பெஞ்சுக்காரன்தான் யோசனை சொன்னான்: "கையெழுத்து போட்டாத்தானடா கண்டுபுடிப்பாங்க? கைநாட்டு வெச்சுரு." அது ரொம்ப அறிவாளித்தனமாகப் பட்டது. தபால் ஆபீசில் போய் மை ஒற்றியில் கட்டை விரலை அழுத்தி, அங்கேயே கார்டில் வைத்துவிட்டேன். மறுநாள் கணக்கு சார் அந்தக் கார்டை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "போன பரீட்சைக்கு உங்கப்பா இங்கிலீஷ்ல கையெழுத்து போட்டிருக்காரு. மூணு மாசத்துல எழுத்து மறந்துபோச்சா?"

அடிக்கக் குச்சி வேண்டும் என்று என்னையே அனுப்பினார். இது உங்கள் காலத்து ஆசிரியர்களுக்குத் தெரியாத வழக்கம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு வந்த பிறகு, பிள்ளைகளை அடிப்பதற்குச் சட்டப்படியே தடை. அதற்கு முன்பு அடி வாங்குகிறவனே மரம் ஏறி விளார் ஒடித்து, இலை உருவி, பணிவோடு இரண்டு கைகளாலும் கொடுக்க வேண்டும். புளியம் விளார் என்றால் வளையுமே தவிர முறியாது. தொடையில் பட்டால் இரண்டு நாளைக்குத் தடம் இருக்கும். நான் நேராகச் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் போய் முருங்கைக் கொம்பு ஒடித்து வந்தேன். பார்க்கத் தடிமனாக, பயங்கரமாக இருக்கும். முதல் அடியிலேயே மூன்று துண்டாகப் போய்விட்டது. வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்துவிட்டார். இரண்டாவது குச்சிக்கு அவர் வேறு ஆளை அனுப்பினார் என்பது தனிக்கதை.

பொன்வண்டு. இதையும் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ள வேண்டும். தீப்பெட்டிக்குள் வேல இலை போட்டு வளர்த்துவந்த ஒன்றை, அறிவியல் சாரின் சாக்பீஸ் டப்பாவுக்குள் விட்டது நான்தான். டப்பாவைத் திறந்ததும் அவர் அலறுவார் என்று நான்கு பெஞ்சு காத்திருந்தது. அவர் அதை இரண்டு விரலால் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பச்சையும் பொன்னுமாக அது மினுங்கியது. "யாருதுடா இது? நல்லா வளத்திருக்கான்" என்றார். புகழ்ச்சி என்று நினைத்து நான் எழுந்து நின்றேன். வாழ்க்கையில் நான் செய்த பெரிய முட்டாள்தனங்களில் அதற்கு முதல் ஐந்துக்குள் ஓர் இடம் உண்டு. 'வண்டுக்கு ஆறு கால்' என்று இருநூறு முறை இம்போசிஷன். அதையும் ஒழுங்காக எழுதவில்லை. இரண்டு ரீபில் பேனாவை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, ஒரே இழுப்பில் இரண்டிரண்டு வரியாக எழுதிக் கொடுத்தேன். ஆக மொத்தம் நான் எழுதியது நூறு முறைதான். மீதி நூறு இன்னும் பாக்கி.

சூட்டுக்கொட்டை தேய்த்துப் பக்கத்துப் பையன் தொடையில் வைத்தது, ஹீரோ பேனாவை உதறி முன்பெஞ்சுக்காரனின் வெள்ளைச் சட்டை முதுகில் ஆஸ்திரேலியா வரைந்தது, இதையெல்லாம் எல்லாப் பள்ளியிலும் எல்லாரும் செய்ததுதான். கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஆனால் இன்ஸ்பெக்‌ஷன் நாளன்று நடந்ததை என் கணக்கில் எழுதக் கூடாது. அது ஆசிரியர் தரப்பின் குறும்பு. கல்வி அதிகாரி வருகிறார் என்று ஒரு வாரமாகச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். மரத்துக்குக்கூடக் காவியும் வெள்ளையும் அடித்தார்கள். முதல்நாள் மாலை வரலாறு சார் எங்களுக்கு ரகசியப் பயிற்சி கொடுத்தார். "அதிகாரி எந்தக் கேள்வி கேட்டாலும் எல்லாரும் கை தூக்கணும். பதில் தெரிஞ்சவன் வலது கை. தெரியாதவன் இடது கை. நான் வலது கையா பாத்துக் கூப்பிட்டுக்கிறேன்." என்ன ஒரு மூளை! இதுபோல ஒன்றை நாங்கள் ஐந்து வருடத்தில் யோசித்ததில்லை.

மறுநாள் அதிகாரி வந்தார். "காவிரி எங்கே உற்பத்தியாகிறது?" என்று கேட்டார். ஐம்பத்திரண்டு கைகள் ஒரே நேரத்தில் மேலே போயின. அவர் அசந்துவிட்டார். அன்றைக்கு முழுக்க எனக்குப் பதில் தெரிந்த ஒரே கேள்வி அதுதான். சிக்கல் என்னவென்றால், நான் பிறவியிலேயே இடதுகைக்காரன். பதில் தெரிந்த சந்தோஷத்தில் எந்தக் கை போகிறது என்று யார் பார்ப்பார்கள்? சாரின் கண் என்னைத் தொட்டுவிட்டு வேகமாக அடுத்த வரிசைக்குப் போனது. அதற்குள் அதிகாரி, "அந்தக் கடைசி பெஞ்சுப் பையன் சொல்லட்டும்" என்றுவிட்டார். சாரின் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன்.

"குடகு மலைங்க சார். தலைக்காவிரி."

அதிகாரி கைதட்டினார். சாயங்காலம் சார் என் காதைப் பிடித்துக்கொண்டு, பாராட்டுவதா உதைப்பதா என்று தெரியாமல் கேட்டார்: "தெரியும்னா ஏன்டா இடது கையத் தூக்குன?" "எனக்கு இதுதானுங்க சார் சோத்தாங்கை" என்றேன். அந்த ஆண்டு அவருடைய பணிப்பதிவேட்டில் இதைப் பற்றி ஏதாவது எழுதினார்களா? இல்லையே.

இதுவரை சொன்னதெல்லாம் சில்லறை. இதற்கே 'நன்று' என்பதை 'பரவாயில்லை' என்று திருத்தலாம். ஆனால் நான் கேட்பது அதற்காக இல்லை. லாங் பெல்லுக்காக.

உங்கள் பள்ளியில் இப்போது மின்சார மணி இருக்கும். எங்கள் காலத்தில் வேப்பமரக் கிளையில் ஒரு தண்டவாளத் துண்டைச் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். ரயில்வேயில் வேலை பார்த்த யாரோ கொடுத்தது என்பார்கள். அதை அடிக்க முழங்கை நீளத்தில் ஓர் இரும்பு போல்ட்டு. பீரியட் முடிந்தால் ஓர் அடி, இன்டர்வெல்லுக்கு இரண்டு. சாயங்காலம் நாலேகாலுக்கு 'ஜன கண மன' பாடி முடித்ததும் விடாமல் ஒரு நிமிடம் அடிப்பதுதான் லாங் பெல். ஊரில் தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும். தறிக்கு நூல் போடுகிற பெண்கள் அதைக் கேட்டுத்தான் அடுப்புப் பற்ற வைக்கக் கிளம்புவார்கள்.

1993 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை. தேதியை நான் மறக்கவே முடியாது. சேப்பாக்கத்தில் இங்கிலாந்தோடு டெஸ்ட் மேட்ச், இரண்டாம் நாள். முதல்நாள் முடிவில் அவுட் ஆகாமல் நின்றிருந்த சச்சின் காலையில் மறுபடியும் இறங்குகிறார். அவருக்கும் எங்களுக்கும் நாலைந்து வயதுதான் வித்தியாசம். அவர் சேப்பாக்கத்தில் மட்டை பிடித்துக்கொண்டிருக்க, நாங்கள் இங்கே தேற்றம் எழுதிக்கொண்டிருப்பது பெரிய அநியாயமாகத் தெரிந்தது. இங்கிலாந்து கேப்டன் கூச் வயிற்றுக் கோளாறால் ஆடவில்லை என்பது தெரிந்ததும், எங்கள் வகுப்பில் மூன்று பேர் காலையிலேயே வயிற்றுவலி என்று லீவ் லெட்டர் கொடுத்துப் பார்த்தார்கள். "இங்கிலாந்துக்காரன் வயித்துவலி இங்க வரைக்கும் வந்திருச்சா?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார் வகுப்பாசிரியர்.

ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டி முதலாளி ஒருவர் வீட்டில் கலர் டிவி இருந்தது. பள்ளிக்கூடம் விட்டுப் போய்ச் சேர்வதற்குள் அன்றைய ஆட்டமே முடிந்துவிடும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பந்தயம் வந்தது. நான்கு தேன்மிட்டாய். (பந்தயம் கட்டிய இருவரும் இன்றுவரை தரவில்லை. இதற்குத் தனியாக ஒரு மனு எழுத வேண்டும்.) அன்று பியூன் அண்ணன் சம்பள பில் விஷயமாகக் கருவூலத்துக்குப் போயிருந்தார். போல்ட்டு ஆபீஸ் ஜன்னல் திண்டில் கிடந்தது. மூன்று மணி சுமாருக்கு நான் சுண்டு விரலைத் தூக்கிக் காட்டி, "ஒன்னுக்குங்க சார்" என்று வெளியே வந்தேன்.

ஒரு நிமிடம் அடிக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். இருபது அடிதான் அடித்திருப்பேன். அதற்குள் அறுநூறு பேரும் வெளியே வந்துவிட்டார்கள், புற்றிலிருந்து ஈசல் வருகிற மாதிரி. யாருக்கும் தேசிய கீதம் ஞாபகம் வரவில்லை. மணியைப் பார்க்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. இதில் முக்கியமான விஷயம், பையன்கள் மட்டும் போகவில்லை. கணக்கு சார் குடையையும் சாப்பாட்டுக் கூடையையும் எடுத்துக்கொண்டு, தினமும் தவறவிடும் மூன்றேகால் டவுன் பஸ்ஸை வாழ்நாளில் முதல்முறையாகப் பிடித்தார். இரண்டு டீச்சர்கள் சந்தைக்கே போய்விட்டார்கள். வளாகத்தில் மிச்சம் நின்றவர் ஹெச்.எம். ஒருவர்தான். கையில் கட்டியிருந்த ஹெச்.எம்.டி. வாட்சைக் காதில் வைத்து, ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நாங்கள் ரிக் முதலாளி வீட்டுக்கு ஓடினோம். செருப்பைக் கழற்றுவதற்குள் கரண்ட் போனது. சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வந்தது. இந்திய மண்ணில் சச்சின் அடித்த முதல் டெஸ்ட் சதம் அது, 165 ரன். நான் மறுநாள் டீக்கடைப் பேப்பரில்தான் படித்தேன்.

சரி, நான் அடித்தேன், ஓடினேன். போல்ட்டை மரத்தடியிலேயே போட்டுவிட்டேன். எங்கள் வகுப்பில் ஒருவன் இருந்தான். கீழே சாக்பீஸ் கிடந்தால் எடுத்து டப்பாவில் போடுவான். குழாய் சொட்டினால் போய் மூடுவான். அவன் அன்று மூட்டையோடு வெளியே வந்தவன், மண்ணில் கிடந்த போல்ட்டைப் பார்த்தான். இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போகலாம் என்று எடுத்தான். வாட்சைக் காதிலிருந்து எடுத்துவிட்டு ஹெச்.எம். திரும்பிப் பார்த்தபோது, தண்டவாளத்துக்குக் கீழே போல்ட்டும் கையுமாக நின்றது அவன் ஒருவன்தான்.

திங்கட்கிழமை பிரேயரில் அவனைக் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். "நானில்லைங்க சார்" என்று மட்டும் சொன்னான். போல்ட்டு எப்படிக் கைக்கு வந்தது என்று கேட்டதற்கு, "கீழ கெடந்துச்சுங்க" என்றான். அறுநூறு பேரும் சிரித்தார்கள். அப்படிப்பட்ட பதிலை யார் நம்புவார்கள்? தேசிய கீதம் பாடாமல் பள்ளியைக் கலைத்தான் என்று குற்றச்சாட்டு பெரிதாகிவிட்டது. "வேற யாராவது இருந்தா முன்னால வா" என்று ஹெச்.எம். மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை என் வலது கால் ஓர் அடி முன்னால் போனது, ஐயா. சத்தியமாகப் போனது. பின்னால் நின்ற பந்தயக்காரன் சட்டையைப் பிடித்து இழுத்தான். கால் திரும்பி வந்துவிட்டது. புளியம் விளாருக்கு நான் பயப்படவில்லை. அப்பாவுக்குப் பயந்தேன்.

அவனுடைய அம்மாவை வரச் சொன்னார்கள். தறியிலிருந்து பாதி ஷிப்டில் எழுந்து வந்தார், தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. "எம்பையன் அப்புடி இல்லீங்க சாமி" என்று இரண்டு தடவை சொன்னார். பத்து ரூபாய் அபராதம் போட்டார்கள். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தார். அதை நான் பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னேன் அல்லவா, ஜன்னல் ஓரம் என் இடம்.

ஜூனில் டி.சி. வாங்க வரிசையில் நின்றோம். அவனுக்குப் பின்னால் நான். அவனுடையதில் 'திருப்தி' என்று எழுதியிருந்தது. என்னுடையதில் 'நன்று'. மேல்நிலைப் பள்ளியில் அட்மிஷன் போடுகிறவர் அந்தச் சொல்லில் விரலை வைத்து, "எல்லாத்துக்கும் நன்று, உனக்கு மட்டும் என்னப்பா?" என்று கேட்டு, அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார். அவன் அப்பா வெளியூரில் ரிக் வண்டியில் இருந்தார். அவர் வந்து சேர்வதற்குள் ஃபர்ஸ்ட் குரூப் நிரம்பிவிட்டது. தொழிற்கல்விப் பிரிவு கிடைத்தது. எல்லாம் அந்த ஒரு சொல்லால்தான் என்று நான் சொல்ல மாட்டேன், மார்க்கும் கொஞ்சம் குறைச்சல்தான். ஆனால் அந்த ஒரு வாரம் என்னால் போனது.

சொல்லைவிடப் பெரிய விஷயம் பெயர். அன்றிலிருந்து அவனுக்கு 'லாங் பெல்' என்றே பெயர் ஆகிவிட்டது. ஊரில் அவன் அப்பா அம்மா வைத்த பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. அவன் கல்யாணத்துக்கு நண்பர்கள் வைத்த ஃபிளெக்ஸில்கூட 'எங்கள் அண்ணன் லாங் பெல்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்தில் மணி படம் வேறு. பெண் வீட்டார் அதைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை கோயில் பூசாரியா என்று விசாரித்தார்கள். என் போனிலும் அவன் நம்பர் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறை அவன் கூப்பிடும்போதும் திரையில் என் குற்றம் எழுத்தாக வந்து மின்னுகிறது.

முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அவனிடம் நான் சொல்லவில்லை. பல தடவை வாயெடுத்தேன். போன வருடம் தேருக்கு வந்தபோது டீக்கடையில் உட்கார்ந்து, "அன்னைக்கு அந்தப் பெல்லு…" என்று ஆரம்பித்தேன். "ஆமாண்டா, எந்தத் திருட்டுப் பயன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல" என்று சொல்லிவிட்டு, எனக்கும் சேர்த்து வடைக்குக் காசு கொடுத்தான். அதற்குமேல் எப்படிச் சொல்வது? அதனால் முதலில் ஆபீஸ் வழியாகப் போகலாம் என்று முடிவு செய்தேன்.

ஆகவே ஐயா, என் வேண்டுகோள் சிறியது. புதிதாக எதுவும் எழுத வேண்டாம். எனக்கு எழுதிய 'நன்று' அவனுடையது, அவனுக்கு எழுதிய 'திருப்தி' என்னுடையது. இரண்டையும் இடம் மாற்றி, பக்கத்தில் சிறு கையெழுத்தும் முத்திரையும் வைத்துத் தந்தால் போதும். என்னுடையதில் 'திருப்தி' என்பதுகூடத் தாராளம்தான். அந்தப் பெருந்தன்மையைத் தங்களிடமே விடுகிறேன். வெறும் 'மாணவன்' என்று எழுதினாலும் ஏற்றுக்கொள்வேன். இதற்கு அரசாணை ஏதும் இல்லை என்று ஆபீசில் சொல்வார்கள். பழைய சேர்க்கைப் பதிவேட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் எதிரே பென்சிலில் ஒரு குறிப்பு எழுதினால்கூடப் போதும்.

அவன் இப்போது மத்தியப் பிரதேசத்தில் ரிக் வண்டியில் போர் போட்டுக்கொண்டிருக்கிறான். தீபாவளிக்கு ஊருக்கு வருவான். அதற்குள் கிடைத்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(இந்தச் சொல்லை இத்தனை வருடத்தில் இப்போதுதான் பொருத்தமாக எழுதுகிறேன்)
இடதுகைக்காரன்.

இணைப்பு:
1. மாற்றுச் சான்றிதழ் நகல் – 1.
2. 'வண்டுக்கு ஆறு கால்' – மீதி நூறு முறை, ஒரே பேனாவால் எழுதியது.
3. ரூ. 10 (பத்து ரூபாய் மட்டும்).